ரம்பம் வாங்குமுன் கட்டையைத் தேடுங்கள்

காட்டுப்பள்ளியில் வேலை என்றால் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, சற்றுத் தள்ளி அனல்மின் நிலையம் என்றுதான் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து இளைஞர்கள் கணக்குப் போடுகிறார்கள். பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் வேலை. சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் வராதவர் குறைவு. அப்படி யோசிப்பவர்களில் சிலரின் கைப்பேசியில் இப்போது ஓடுவது, தண்டவாளத்தின் மேல் ஒரு ரம்பத்தைத் தள்ளிக்கொண்டே போய், உருண்டைக் கட்டையைப் பலகை பலகையாக உரித்தெடுக்கும் வெளிநாட்டு வீடியோக்கள். வீட்டையும் நாமே கட்டலாம், ஊருக்கும் அறுத்துக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று தோன்றுவது இயல்புதான். மலிவாக எந்த மெஷின் வாங்கலாம் என்பது அடுத்த கேள்வி.

சொந்த வீட்டுக்கு மட்டும் என்றால், எதையும் வாங்காதீர்கள். காரணம் கணக்கில் இருக்கிறது.

7 அடி உயரம், மூன்றரை அடி அகலத்தில் ஒரு கதவு நிலை. சட்டம் 5க்கு 3 அங்குலம். இரண்டு காலும் மேல் சட்டமும் சேர்ந்து பதினேழரை அடி நீளம். இதைக் கன அடியாக்கினால் 1.8 வரும். ஐந்து கதவுக்கு 9 கன அடி. நான்கடிக்கு நான்கடி ஜன்னல், நடுவில் ஒரு கால் வைத்தால் ஒன்றுக்கு 2 கன அடிக்குச் சற்று மேல். ஆறு ஜன்னலுக்கு பன்னிரண்டரை. கதவுப் பலகை, ஜன்னல் கதவு எல்லாம் சேர்த்தாலும் கான்கிரீட் தளம் போட்ட ஒரு சாதாரண வீட்டுக்கு 40 கன அடிக்குள் மரவேலை முடிந்துவிடும். ஆறேழு நல்ல கட்டை போதும். அதை லாரியில் ஏற்றிச் செங்குன்றம் பக்கத்து சாமில் ஒன்றில் இறக்கினால் ஒரே நாளில் அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். இதற்காக லட்சக்கணக்கில் முதல் போடுவது வீண். ஓட்டுக் கூரையும் மரத் தூணுமாகக் கட்டுகிறவருக்கு மரம் கூடுதலாக வேண்டும்தான். அப்போதும் கூலிக்கு அறுப்பதே லாபம்.

ஆக, மெஷின் என்பது தொழிலுக்குத்தான். தொழில் என்றதும் முதலில் போக வேண்டிய இடம் கடையல்ல, திருவள்ளூர் மாவட்ட வன அலுவலகம்.

“இது ஊர் ஊராப் போற மெஷின் தம்பி, சக்கரம் இருக்கு பாருங்க, இதுக்கெல்லாம் லைசென்ஸ் கிடையாது” என்று விற்பவர் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். மின்சாரத்தாலோ எஞ்சினாலோ ஓடும் ரம்பத்தால் உருண்டைக் கட்டையை அறுத்தால் சட்டத்தின் கண்ணில் அது சாமில்தான். சக்கரம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலிருந்தே நாடு முழுவதும் சாமில்கள்மீது பிடி இறுகிவிட்டது. தமிழ்நாட்டில் மரம் சார்ந்த தொழிற்சாலைகளை ஒழுங்குபடுத்தும் விதிகள் 2010இல் வந்தன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் 2016இல் வந்தது. அந்தப் பகுதியில் அறுக்க மரம் கிடைக்குமா, காட்டெல்லையிலிருந்தும் சரணாலயத்திலிருந்தும் இடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் பார்த்த பிறகுதான் புது உரிமம். காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு பறவைகள் சரணாலயம் இருப்பதை மறக்க வேண்டாம். கடலோரம் என்பதால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடும் குறுக்கே வரும். ஷெட் போட இடம் பிடிப்பதற்கு முன், சர்வே எண்ணோடு போய்க் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அதே 2016 வழிகாட்டுதலில் ஒரு விலக்கும் இருக்கிறது. ஏற்கெனவே அறுத்த சட்டம், பலகை, முறையான ரசீதுள்ள இறக்குமதி மரம் போன்றவற்றை மட்டும் வைத்து, பேண்ட் சா என்னும் பட்டை ரம்பம் இல்லாமல், 30 செ.மீ. விட்டத்துக்கு மேற்படாத வட்ட ரம்பத்தோடு வேலை செய்யும் பட்டறைக்கு உரிமம் தேவையில்லை. வடசென்னைத் துறைமுகப் பகுதிக்காரர்களுக்கு இந்த ஒரு வரி முக்கியமானது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கட்டை. உங்கள் வட்டாரத்தில் அறுக்கத் தகுந்த மரம் என்ன இருக்கிறது?

கண்ணுக்கு முதலில் படுவது சவுக்கு. மணற்பாங்கான இந்தக் கரைக்குப் பழகிய மரம். ஆனால் சவுக்கு சாரத்துக்கும் பந்தல் காலுக்கும்தான். பலகையாக அறுத்துக் காயவைத்தால் வெடித்துக் கையில் வரும். சீமைக் கருவேலம் எங்கும் கிடைக்கும்; கோணலும் குட்டையுமாக இருப்பதால் அடுப்புக்கும் கரிக்கும் மட்டும்தான் லாயக்கு. பனையில் நல்ல பனங்கை எடுக்கலாம், வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையின் வலு எந்த மரத்துக்கும் குறைந்ததல்ல. ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது. அனுமதித் தாள் இல்லாத பனையைத் தொடாதீர்கள்.

மிஞ்சுவது வீட்டு மரங்கள்: வேம்பு, பூவரசு, வாகை, மா, தூங்குமூஞ்சி. வேம்பு நிலைக்கும் கதவுக்கும் அருமையானது, பூச்சி எளிதில் அண்டாது. பூவரசும் வாகையும் மேசை நாற்காலிக்குப் பெயர் போனவை. மாவும் தூங்குமூஞ்சியும் விரைவில் உளுத்துவிடும், அதனால் விழுந்த சூட்டோடு அறுத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் முக்கி எடுக்க வேண்டும். புயல் ஆண்டுகளில் இந்த மரங்கள்தான் தெருவெங்கும் கிடந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. சாலையைத் திறக்கும் அவசரத்தில் அவற்றில் பெரும்பகுதி துண்டு துண்டாக்கி அள்ளப்பட்டது. பத்தடி நீளத்தில் விட்டிருந்தால் கதவாகியிருக்க வேண்டியவை இரண்டடி விறகாயின. நான்கடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள பச்சை வேம்பு முந்நூற்றைம்பது கிலோ எடையிருக்கும். சந்துக்குள்ளிருந்து அதை வெளியே கொண்டுவர கிரேன் வேண்டும். நடமாடும் மெஷினின் பலம் இங்கேதான்: கட்டை கிடக்கும் இடத்துக்கே அது போகும்.

சாலையோர மரம் மாநகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ உரியது. ஏலத்தில் எடுத்த ரசீது இல்லாமல் அறுக்கக் கூடாது. தனியார் மரத்துக்கும் இன்னாருடையது என்ற கையெழுத்துக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மரத்தை எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது மரத்துக்கு மரம் மாறும். 2023 டிசம்பர் இறுதியில் நாடு முழுவதற்கும் ஒரே இணையவழி அனுமதி முறையை மத்திய அரசு தொடங்கியிருக்கிறது, அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரவில் யாராவது செந்நிறக் கட்டையை இறக்கி, “அண்ணே, சும்மா நாலு துண்டாப் போட்டுக் கொடுங்க, காசு எவ்வளவு வேணும்னாலும் தர்றேன்” என்றால், போனை எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆந்திரச் செம்மரம் துறைமுகம் தேடி வரும் வழியில்தான் நீங்கள் கடை போடப் போகிறீர்கள்.

இனி மெஷின். சந்தையில் மூன்று வகை.

முதலாவது, சங்கிலி ரம்பத்தோடு ஒரு சட்டத்தைப் பொருத்தி நெடுக அறுப்பது. இருப்பதில் இதுதான் மலிவு. ரம்பம் குறைந்தது 70 சி.சி. இருக்க வேண்டும், மரம் வெட்டுகிற சங்கிலி இதற்கு ஆகாது, நெடுக அறுப்பதற்கென்று பல்லைப் பத்து டிகிரி சாய்வில் தீட்டிய சங்கிலி தனியாக வாங்க வேண்டும். அறுப்பவர் குனிந்தே இருக்க வேண்டும். நாள் முழுக்க இதையே செய்தால் முதுகு போய்விடும். மூன்றாவது, ஆஸ்திரேலியாவின் லூகாஸ், நியூசிலாந்தின் பீட்டர்சன் போன்றவை செய்யும், வட்ட ரம்பம் படுக்கையிலும் நிமிர்ந்தும் திரும்பி அறுக்கும் வகை. ராட்சதக் கட்டைகளுக்கு அற்புதமானது. இறக்குமதி விலையைக் கேட்டால் நம் ஊர்க் கணக்கில் கட்டுப்படியாகாது.

நடுவில் இருப்பதுதான் பேசத் தகுந்தது: தண்டவாளத்தின் மேல் படுக்கையாக ஓடும் குறுகிய பேண்ட் சா. 1982இல் தொடங்கிய அமெரிக்காவின் உட்-மைசர் இதை உலகெங்கும் பரப்பியது. இப்போது இந்தியாவிலும் பலர் செய்கிறார்கள். இதன் சிறப்பு பிளேடின் மெல்லிய தன்மை. ஒன்றேகால் அங்குல அகலம், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம். ஒவ்வொரு அறுப்பிலும் இரண்டு மில்லிமீட்டர்தான் தூளாகப் போகும். பழைய சாமிலின் அகலப் பட்டை ரம்பத்தில் நான்கு, சங்கிலி ரம்பத்தில் எட்டு என்று வைத்துக்கொண்டு பாருங்கள். 300 மி.மீ. சதுரமாக்கிய ஒரு கட்டையிலிருந்து 25 மி.மீ. பலகை எத்தனை வரும்? குறுகிய பேண்ட் சாவில் பதினொன்று. பழைய மில்லில் பத்து. சங்கிலியில் ஒன்பது. ஒரு கட்டைக்கு இரண்டு பலகை வித்தியாசம்.

இந்தப் பலகை விஷயத்தில் ஒரு வியாபார நுணுக்கமும் உண்டு. நம் மர வியாபாரத்தில் உருண்டைக் கட்டையை அளப்பது சுற்றளவில் காலை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கித்தான். நான்கடிச் சுற்று, பத்தடி நீளம் என்றால் 10 கன அடி என்று பில் போடுவார்கள். உண்மையில் அந்தக் கட்டையில் இருப்பது 12.7 கன அடி. பட்டையும் ஓரக் கழிவும் போகட்டும் என்று விட்ட இடைவெளி அது. பிளேடு எவ்வளவு மெல்லியதோ, அந்த இடைவெளியில் அவ்வளவு உங்கள் பங்கு. கூலிக்கு அறுக்கும்போது கட்டை அளவில் கூலி பேசுகிறீர்களா, பலகை அளவில் பேசுகிறீர்களா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் சண்டைதான்.

வாங்கப் போகும்போது எஞ்சின் குதிரைத்திறனை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். தண்டவாளம் நேராக இருக்கிறதா, ரம்பத் தலை ஏறி இறங்கும் திருகில் ஆட்டம் இருக்கிறதா, சக்கரங்களின் பேரிங் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் எண்ணா, பிளேடைத் தீட்டவும் பல் விலக்கவும் ஆள் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். பிளேடு நல்ல மரத்திலேயே ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மழுங்கிவிடும். ஒரு நாள் வேலைக்கு நான்கைந்து பிளேடு கையில் இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது. தீட்டும் மெஷினையும் சேர்த்து வாங்கினால்தான் செலவு கட்டுக்குள் நிற்கும். விலைப் பட்டியலில் பலர் பார்க்கத் தவறும் இடம் இது.

நம் ஊர் மணலும் உப்புக் காற்றும் இந்த மெஷினுக்கு எதிரி. கடற்கரை மணலில் இழுத்துக்கொண்டு வந்த கட்டையின் பட்டைக்குள் மணல் புகுந்திருக்கும். அப்படியே ஏற்றினால் முதல் அறுப்பிலேயே பிளேடு போச்சு. பட்டையைச் சீவிவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே ஏற்றுங்கள். மணல் தரையில் தண்டவாளம் உட்காராது, ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கினாலும் பலகை ஒரு முனை தடிப்பாகவும் மறுமுனை மெலிந்தும் வரும். கீழே பழைய கான்கிரீட் சிலீப்பர் போட்டு, டியூப் மட்டம் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். இரவில் பிளேடை மெஷினிலேயே மாட்டி விட்டால் காலையில் துருப் பிடித்திருக்கும். கழற்றி எண்ணெய் தடவி வையுங்கள்.

அடுத்தது ஆணி. நகரத்து மரம் எதிலும் இரும்பு இல்லாமல் இருக்காது. விளம்பரத் தட்டி அடித்த ஆணி, கொடிக்கம்பி, ஊஞ்சல் கொக்கி, கேபிள்காரர் விட்டுப்போன கம்பி. வேப்பமரம் என்றால் அம்மனுக்குச் சார்த்திய சூலம்கூட உள்ளே போயிருக்கும். மரம் வளர வளர இரும்பை விழுங்கிவிடும், வெளியே தடம் தெரியாது. ஆனால் வெட்டுவாயைக் கவனித்துப் பார்த்தால் ஓரிடத்தில் நீலக் கறுப்பாக மை சிந்தியதுபோல ஒரு கறை ஓடும். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. கறை தெரிந்தால் அந்தத் துண்டை ஓரம் கட்டுங்கள். கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி ஒன்றும் அவசியம். வேலை தொடங்குமுன் வீட்டம்மாவிடம் கேட்டுவிடுவது நல்லது: “அக்கா, இந்த மரத்துல கொடி கட்டியிருந்தீங்களா? தூளி, ஊஞ்சல் ஏதாவது? ஆணி பட்டுப் பிளேடு போனா அதுக்குக் காசு தனி, இப்பவே சொல்லிடுறேன்.” கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

லுங்கியும் தோளில் துண்டுமாக ரம்பத்தின் பக்கம் நிற்கக் கூடாது. ஓடும் பிளேடு அறுந்தால் சாட்டை மாதிரி வீசும், அதனால் பிளேடுக்கு நேரே யாரும் நிற்கவேண்டாம். காதுக்கு மூடி, மூக்குக்கு நல்ல முகமூடி. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எப்போதோ வகைப்படுத்திவிட்டது. கைக்குட்டை கட்டிக்கொள்வது பாதுகாப்பு அல்ல.

அறுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர் கூலிக்காரராகவே இருப்பார். காயவைத்துக் கொடுப்பவர்தான் வியாபாரி. பச்சைப் பலகைக்கும் காய்ந்த பலகைக்கும் விலை வேறு. இரண்டடிக்கு ஒன்றாக ஒரு அங்குல ரீப்பர் வைத்து, காற்றோடும் நிழலில் அடுக்கி, முனைகளில் பெயிண்ட் பூசி, மேலே கனம் ஏற்றி வையுங்கள். ரீப்பர்கள் ஒன்றன்மேல் ஒன்று நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று விலகினாலும் பலகை அந்த இடத்தில் வளையும். ஈரம் பார்க்கும் மீட்டர் சிறிய செலவுதான். மரம் இனம் காண்பது, காயவைப்பது பற்றிப் பெங்களூரு மல்லேசுவரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. இந்தத் தொழிலில் இறங்குபவர் ஒருமுறையாவது போய்வரலாம்.

காசுக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, மெஷின், தீட்டும் கருவி, தண்டவாளம், இழுத்துப்போகும் வண்டி எல்லாம் சேர்ந்து 4 லட்சம் என்று வையுங்கள். ஆள் கூலி, பெட்ரோல், பிளேடு போக ஒரு கன அடிக்கு 80 ரூபாய் கையில் நின்றால், 5,000 கன அடி அறுத்தால்தான் போட்ட முதல் திரும்பும். வீட்டுக்கு 40 கன அடி என்ற நம் கணக்கில் அது 125 வீடு. மீஞ்சூர் ஒன்றியத்துக்குள் உங்களுக்கு வரும் வேலை ஆண்டுக்கு எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இருபது என்று வந்தால் வாங்காதீர்கள். தச்சர்கள், தோட்டக்காரர்கள், ஏலக்காரர்கள் என்று ஐம்பது அறுபது பேரிடம் தொடர்பு இருந்தால் இறங்கலாம். வேலையற்ற இளைஞர்களுக்கான தமிழக அரசின் சுயதொழில் திட்டத்தில் திட்ட மதிப்பில் 25 விழுக்காடு மானியம் உண்டு, மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் வனத்துறை உரிமம் கையில் இல்லாமல் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமம் வராவிட்டாலும் வட்டி ஓடும்.

இனி அந்த 30 செ.மீ. வரி. காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களைச் சுற்றிய கிடங்குகளில் தினமும் கழிவது அறுத்த மரம்: சரக்குக்கு அடியில் போடும் முட்டுக்கட்டை, மெஷின் வந்த பெட்டி, பேலட். பெரும்பாலும் பைன். இதை அறுக்க பேண்ட் சா தேவையில்லை. சிறிய மேசை ரம்பம், ஒரு இழைக்கும் மெஷின், ஆணி பிடுங்கும் கடப்பாரை இருந்தால் போதும். என்னைக் கேட்டால், இந்த ஊருக்கு ஏற்ற மலிவான மெஷின் இதுதான். அலமாரி, கட்டில், உள்ளறைத் தடுப்பு, கடைச் சாமான் தட்டு என்று விற்பனை இருக்கிறது. வாசல் நிலைக்கு மட்டும் பைனைக் கொடுக்காதீர்கள், கறையான் விடாது.

வாங்கும்போது கட்டையிலுள்ள முத்திரையைப் படியுங்கள். கதிர் படத்தோடு எச்.டி. என்றிருந்தால், உட்புறம் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கியது என்று பொருள். பூச்சிக்காகச் செய்தது அது, காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு அதை ஒதுக்கிவிடுங்கள். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கட்டை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். கப்பலிலிருந்து இறங்கிய முட்டுக்கட்டைக்குச் சுங்கக் கணக்கு உண்டு; பில்லும் கேட் பாசும் இல்லாமல் டிரைவர் வழியில் இறக்கிவிட்டுப் போகும் மரம் திருட்டு மரம்தான். இந்தப் பட்டறைக்கும் விலக்கு பொருந்துகிறது என்று வன அலுவலகத்தில் எழுதி வாங்கி, சுவரில் மாட்டுங்கள்.

இரண்டு ஆண்டு இதை ஓட்டி, வாடிக்கையும் தச்சர் பழக்கமும் வந்து, உரிமமும் கிடைத்த பிறகு பேண்ட் சா பார்க்கப் போங்கள். போகும்போது விற்பவர் வைத்திருக்கும் மெத்தென்ற கட்டையில் ஓட்டிக் காட்டினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். நம் ஊர் வேம்பு ஒன்றை, எட்டடிக்குக் குறையாமல், டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போங்கள். உங்கள் கண்முன் ஐந்து பலகை அறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் நடுவிலும் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் முன்பணம் கொடுக்காமல், பலகையை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்புங்கள்.